கியூபெக்குக்கு ஒரு பகல் போதாது, அக்கா

அன்புள்ள அக்கா,

மொன்றியால் வரும்போது காலையில் கிளம்பி, கனடாவின் பழைய பிரெஞ்சு நகரமான கியூபெக்கைப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். மிஞ்சும் பகலையும் சுற்றுலாப் பஸ்களில் வந்து இறங்கும் கூட்டத்தோடு பங்கு போட வேண்டும். அந்தப் பஸ்கள் போன பிறகுதான் பழைய தெருக்களில் நிதானமாக நடக்க முடியும். ஓர் இரவு தங்குங்கள்.

இன்னொரு காரணம் அம்மாவின் முழங்கால். நகரம் இரண்டு அடுக்காக இருக்கிறது. 1608இல் பிரெஞ்சுக்காரர் சாம்ப்லேன் குடியேற்றத்தைத் தொடங்கியது கீழே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில். மதில் சூழ்ந்த பகுதி மேலே, பாறையின் மீது. இடையில் உள்ள படிக்கட்டு ஒன்றுக்குக் 'கழுத்தை முறிக்கும் படி' என்றே பெயர். அதில் அம்மாவை ஏற்றாதீர்கள். பழனி விஞ்ச் போல ஒரு வண்டி 1879 முதல் அங்கே ஏறி இறங்குகிறது. கீழே அது வந்து நிற்கும் கட்டடம், மிசிசிப்பி ஆற்றை ஆராயப் போன லூயி ஜோலியேயின் வீடு.

மேலே எல்லோரும் ஷத்தோ ஃப்ரோன்த்னாக் ஹோட்டலைப் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். கோட்டை போலத் தெரிந்தாலும், அது 1893இல் ரயில் கம்பெனி திறந்த ஹோட்டல்தான். அதன் அருகிலுள்ள பூங்காவுக்குப் போங்கள். 1759 செப்டம்பர் 13 அன்று இந்த நகரத்துக்காக ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் மதிலுக்கு வெளியே ஆபிரகாம் சமவெளியில் நடந்த போர் அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. வென்ற ஆங்கிலேயத் தளபதி வுல்ஃப் களத்திலேயே இறந்தார். தோற்ற பிரெஞ்சுத் தளபதி மொன்கால்ம் மறுநாள் காலை இறந்தார். இருவருக்கும் சேர்த்து அந்தப் பூங்காவில் ஒரே தூண். எதிரிகளுக்குப் பொதுவாக நினைவுச் சின்னம் வைத்த ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாலையில் ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் லெவி ஊருக்குப் போகும் படகில் ஏறுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம்தான். உல்லாசப் படகுகளைவிட இதுவே எனக்குப் பிடிக்கும். பாறையும் ஊரும் முழுதாகத் தெரியும். மொன்மொரான்சி அருவி 83 மீட்டர், நயாகராவைவிட உயரம். ஆனாலும் நேரமிருந்தால் மட்டும் போங்கள்.

சாப்பாட்டில் கவனம். அங்கே பெயர்பெற்ற பட்டாணி சூப்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். உருளைக்கிழங்கு வறுவலும் சீஸும் சேர்ந்த பூட்டினில் ஊற்றும் குழம்பும் பொதுவாக இறைச்சிச் சாறுதான். சைவம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைக்குள் நுழைந்ததும் பிரெஞ்சில் வணக்கமாக ஒரு 'போன்ஜூர்' சொன்னால் போதும், ஆங்கிலத்தில் பேசத் தயங்க மாட்டார்கள்.

பிப்ரவரியில் நடக்கும் குளிர்காலத் திருவிழாவுக்கு அம்மாவோடு வரவேண்டாம், குளிர் தாங்காது. செப்டம்பர் கடைசியில் வாருங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள், ரயில் டிக்கெட்டை நான் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி