சலூன்காரியின் கார்

அன்பின் மச்சான்,

நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் ஆபரேசன் நல்லபடி முடிந்ததாகக் கண்ணாடி அண்ணை சொன்னார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளித்தான் எடுக்கவேண்டும், அதனால் நீயே ஒரு வரி எழுது. இங்கே மனிசிக்கு இரவு வேலை, சின்னவனுக்குப் பரீட்சை, எனக்கு வழமைபோல் கராஜில் பெயின்ட் அறை. இந்தக் கடிதம் மூத்தவளைப் பற்றியது.

அவள் கார் வாங்கிவிட்டாள். அவுடி டிடி, இரண்டு கதவுக் கூப்பே, 2001ஆம் ஆண்டுக் கார், வெள்ளி நிறம். சலூனில் நின்று நின்று சேர்த்த காசு, என்னிடம் ஒரு சதம் கேட்கவில்லை. 'கார் என்றால் அரிசி மூட்டை ஏறவேணும்' என்று நீ சொல்லப்போவது இங்கேயே கேட்கிறது. பின்சீட்டை மடித்துவிட்டால் இதிலும் ஏறும் மச்சான். ஏழு பேர் ஏறுகிற வானை வைத்துக்கொண்டு தனியாக வேலைக்குப் போய் வருகிறவன் நீ, உன்னிடம் இதைப்பற்றி நான் பாடம் கேட்பதாக இல்லை.

அந்தக் காரை ஒரு சனிக்கிழமை முழுக்கக் கழுவித் துடைத்தேன். கார்த் தகடுதான் என் பிழைப்பு, உனக்குத் தெரியும். அனேகமான கார்களில் கூரைத் தகடும் பக்கத் தகடும் சேருகிற இடத்தில் ஒரு பள்ளம் ஓடும், அதை ரப்பர் பட்டி வைத்து மூடியிருப்பார்கள். இதில் அது இல்லை. லேசரால் பற்றவைத்துத் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். கூரை அப்படியே வளைந்து பின்பக்கம்வரை இறங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. பெற்றோல் மூடி வட்டமான அலுமினியம், சுற்றிவர மரையாணிகள். உள்ளே காற்று வருகிற துளை ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுமினிய வளையம், அதைத் திருகினால்தான் காற்று கூடும், குறையும். விரலுக்குக் குளிர்ச்சியாக, கனமாக இருக்கும். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமன் தாமஸ் என்கிறவர் வரைந்த வடிவம். 1995இல் பிராங்ஃபர்ட் கண்காட்சியில் மாதிரிக் காராக வைத்ததை, பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடியைச் சேர்த்துவிட்டு 1998இல் கிட்டத்தட்ட அப்படியே தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். கண்காட்சிக் கார்கள் தொழிற்சாலைக்குள் போய் வெளியே வரும்போது என்ன கதியாகும் என்று பார்த்தவன் நான். இது ஒரு அதிசயம்.

சரி, விசயத்துக்கு வாறன்.

போன மாதம் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாமத்தியவீடு. பிள்ளை தன் காரிலேயே எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். மண்டப வாசலில் இறங்கும்போது ஒருவர், பெயர் வேண்டாம், உனக்கு ஆளைத் தெரியும், எல்லோர் முன்னாலும் கேட்டார்: "பிள்ளை, இது சலூன்காரியளின்ரை காரெல்லோ?" நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள், "ஓம் மாமா, நான் சலூன்காரிதானே" என்று தானும் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்தாள் பக்கத்தில் நின்றவரிடம் பாதிக்குரலில் ஒரு சொல் சொன்னார். ஊரில் நாங்கள் சின்ன வயதில் கேட்ட சொல். முடி வெட்டுகிறவர்களை நடுவீட்டுக்குள் விடாத காலத்துச் சொல். பிள்ளைக்கு அது கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் விளங்கியிருக்காது. எனக்கும் மனிசிக்கும் விளங்கியது. சாப்பாடு இறங்கவில்லை மச்சான்.

திரும்பி வரும்போது அவள் கனநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்பா, இதை வித்துப்போட்டு ஒரு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் வாங்கட்டே?"

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புத்தான். டோட்முண்ட் குசினியில் நாங்கள் பாத்திரம் கழுவிய காலத்தை யோசித்துப் பார். எங்களுக்கு டொச்சு மொழி பழக்கியது ஓப்பல் மான்டாக் காரை வைத்துச் சொல்கிற பகிடிதான். மரத்தில் மோதிவிட்டு, "நான் ஹோர்ன் அடிச்சனானே, ஏன் விலகேல்லை?" என்று மரத்தோடு சண்டை பிடிக்கிற மான்டாக்காரன். அன்ரெனாவில் நரிவால், ஜன்னலில் முழங்கை, பக்கத்து சீட்டில் சலூனில் வேலை செய்கிற பொன்முடிக்காரி. அந்தப் பெட்டை எந்தப் பகிடியிலும் சலூன்காரிதான், கவனித்தாயா? எல்லாவற்றிலும் கட்டையான பகிடி இது: 'யூனிவர்சிட்டிக்கு முன்னால் ஒரு மான்டா நிற்கிறது.' இவ்வளவுதான். இதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நாங்களும்தான். மான்டாக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் சிரிப்பு.

ஆனால் அந்தக் கார் என்ன பாவம் செய்தது? 1970இல் போர்ட் கப்ரிக் காருக்குப் போட்டியாக ஓப்பல் விட்ட நல்ல வடிவான கூப்பே. சுரங்கத்திலும் இரும்பாலையிலும் வேலை செய்த பெடியனும் சம்பளக் காசைச் சேர்த்து வாங்கக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காராக அது இருந்தது. அதுதான் குற்றம். பெரிய இடத்துப் பிள்ளை போர்ஷேயில் முழங்கையை வெளியே போட்டால் யாரும் பகிடி எழுதவில்லை. 1988இல் மான்டாவை நிறுத்திய பிறகும் பகிடி நிற்கவில்லை, 1991இல் அதை வைத்துப் படமே எடுத்தார்கள். இன்றைக்கும் ரூர் சுரங்கப் பக்கத்துக் கடைகளில் கறித்தூள் போட்ட சொசேஜான கறிவூர்ஸ்டும் உருளைக்கிழங்குப் பொரியலும் சேர்ந்த தட்டுக்கு மான்டா தட்டு என்றுதான் பெயர். 2021இல் ஓப்பலே ஒரு பழைய மான்டாவை எடுத்து மின்சார மோட்டார் பூட்டிப் பெருமையாகக் காட்டியது. சிரிப்பு அடங்கியபிறகு மரியாதை வருகிறது. அதற்குள் அந்தக் கார்களை ஆசையாக வாங்கி ஓட்டிய மனிதர்கள் கிழவர்களாகிவிட்டார்கள்.

இதற்கும் முந்திய கதை ஒன்று இருக்கிறது. நாங்கள் ஒஸ்னாப்ரூக்குக்குப் போனபோது ஒரு பச்சைக் கார்மன் கீயாவைப் பார்த்து நீ வாயைப் பிளந்தாயே, 1955இல் வந்த வடிவம் அது. கீழே முழுக்க ஃபோக்ஸ்வாகன் வண்டுக் கார், தொடக்கத்தில் இயந்திரம் 30 குதிரைவலுத்தான். மேலே இத்தாலியக் கீயாக் கம்பனிக்காரர்கள் வரைந்து கொடுத்த உடம்பு. மூக்குத் தகட்டைத் துண்டு துண்டாகப் பற்றவைத்து, பொருத்துகளில் ஈயம் உருக்கி ஊற்றி, கையால் அராவி வழவழப்பாக்கினார்கள். அந்த வேலையைச் செய்தவர்களின் தோளை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும். அப்படிச் செய்த காருக்கு ஊர் வைத்த பட்டம் 'வீட்டுக்காரிகளின் போர்ஷே'. பிறகு ஓப்பல் டிக்ராவுக்கு ஒரு பட்டம், இங்கிலாந்தில் மஸ்டா எம்எக்ஸ்-5க்கு அதே சலூன் பட்டம். அந்த மஸ்டா பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, ரேஸ் ஓடுகிறவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். பட்டம் மட்டும் போகவில்லை.

கார் சின்னது, வடிவானது, விலை எட்டக்கூடியது என்றால் உடனே அதை ஒரு பெண்ணின் தலையில் கட்டுவார்கள். அதுவும் கைவேலை செய்கிற பெண்ணின் தலையில். வைத்தியர் கார் என்றோ வக்கீல் கார் என்றோ யாரும் இளக்காரமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

பிள்ளை வாங்கப்போகிற அந்தக் கோல்ஃபை எடு. அவளுடைய டிடியும் நாலாம் தலைமுறைக் கோல்ஃபும் ஒரே அடித்தளம். டிடியில் இருக்கிற 1.8 லீட்டர் டர்போ இயந்திரத்தின் உறவுக்காரன்தான் அந்தக் கால கோல்ஃப் ஜிடிஐயிலும் இருப்பது. ஜிடிஐ என்றால் 'ஆம்பிளைக் கார்', தோளைக் குலுக்கிக்கொண்டு ஓட்டுவார்கள். அதே எலும்பின்மேல் வடிவான தோல் போர்த்தினால் சலூன்காரியின் கார். எங்கள் கராஜில் ரெண்டையும் தூக்கிவைத்து அடியைக் காட்டினால் அந்தாளுக்கு எது எது என்று தெரியாது.

அந்த வடிவத்தைப் புகழ்கிறேன் என்பதற்காக எனக்குக் கண் தெரியாது என்று நினைக்காதே. 1999இல் இந்த டிடிகள் நெடுஞ்சாலையில் கடும் வேகத்தில் சட்டென்று பாதை மாறும்போது கட்டுப்பாடு இழந்தன. ஆட்கள் இறந்தார்கள். பின்பக்கம் அப்படி உருண்டு இறங்குவதால் வேகத்தில் காற்று பின்சக்கரத்தை மேலே தூக்குகிறது, ஓட்டுகிறவர் பதறி ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் சுழன்றுவிடும். கார்களைத் திரும்ப அழைத்து, டிக்கி மூடிக்குமேல் ஒரு சிறகு வைத்து, சஸ்பென்சன் பாகங்களை மாற்றி, கார் சறுக்காமல் பிடிக்கிற ஈஎஸ்பி பூட்டினார்கள். அந்தச் சிறகு கூரையின் வளைவை வெட்டுகிறதுதான், வடிவத்துக்குக் குறைதான். சிலர் அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்களாம், விசரர்கள். எங்கள் காரில் எல்லாம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். டயர் நாலும் புதிது, என் செலவு, அதுக்கு மட்டும் சம்மதித்தாள். காருக்குக் குறை சொல்ல ஆசைப்பட்டால் இதைச் சொல்லலாம், நான் உட்கார்ந்து கேட்பேன். சலூன் என்று சொல்வது காரைப்பற்றிய பேச்சே இல்லை.

அவள் வேலை என்னவென்று உனக்குத் தெரியும்தானே. மூன்று வருசப் பயிற்சி, பரீட்சை, இனி மாஸ்டர் தொழில் சான்றிதழ் எடுக்கவும் யோசிக்கிறாள், எடுத்தால்தான் இங்கே சொந்தக் கடை திறக்கலாம். நாள் முழுக்கக் காலில் நிற்கிறாள். சாயமும் சம்பூவும் பட்டு விரலிடுக்கு வெடித்து, இரவில் கிரீம் பூசிப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு படுக்கிறாள். அந்தக் கையால் வாங்கிய கார். அதைப் பார்த்து எங்கள் ஆட்கள் சிரிக்கும்போது ஜேர்மன்காரனின் பகிடியையும் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த அழுக்கையும் சேர்த்தே அவள்மேல் போடுகிறார்கள். இத்தனை வருசம் இந்த நாட்டில் கோப்பை கழுவி, தெருக் கூட்டி, முதியோரைத் தூக்கிக் குளிப்பாட்டி வாழ்ந்த சனம் இன்னொரு பிள்ளையின் வேலையைச் சொல்லிச் சிரிக்கலாமா? அந்தாளிடம் நேரே கேட்கப்போகிறேன். மனிசி வேண்டாம் என்கிறாள். நீ என்ன சொல்கிறாய்? கண்ணாடி அண்ணையிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே, ஒரு கிழமையில் பாரிஸ்வரை போய்விடும்.

உன்னிடம் ஒரு வேலை. நான் சொன்னால் 'அப்பா அப்படித்தான் சொல்லுவார்' என்கிறாள். உன் பேச்சை அவள் கேட்பாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காரை விற்காதே என்று நேரே தொடங்காதே. ஓட்டிப் பார்த்தாயா, இரண்டாம் கியரில் வளைவில் எப்படி நிற்கிறது என்று கேள். அவளே கதைக்கத் தொடங்குவாள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பின்னேரம், உனக்குக் காலமை. போன் எடுத்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
ரஞ்சன்