நமது தோல்பைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இன்று வந்திருக்கிற 9 உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத 22 பேருக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை வாட்சப்பில் வந்து சேரும், நீல டிக்கும் விழும்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு ஈரோடு மாடி அறையில் கூடுவது நமது வழக்கம். 12 கூட்டங்களில் 10 நடந்தன. ஒன்று மழையில் நின்றது. இன்னொன்றுக்கு நானும் பொருளாளரும் மட்டுமே வந்ததால் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

ஜூனில் புது உறுப்பினர்களுக்குப் பர்ஸ் தைக்கக் கற்றுக்கொடுத்தோம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போய் சேணமும் கடிவாள வாரும் பார்த்து வந்தோம். ஐப்பசி மழையில் அலமாரித் தோலில் பூஞ்சை பிடித்தது. துடைத்து நிழலில் உலர்த்தினோம். பொங்கல் சந்திப்பு நடந்தது. சென்னை அடையாற்றில் 1948 முதல் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பார்த்து வரும் திட்டம் வேன் வாடகை பேசியதோடு நிற்கிறது.

இனி கறுப்புச் சாயம். இதைப் பற்றிச் சங்கத்தில் பல விதமாகப் பேச்சு ஓடுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பாட்டில் சாயம் விலை ஏறிக்கொண்டே போகிறது, கூரியர் செலவு தனி. ஆனால் பட்டையில் பதனிட்ட தோலுக்குக் கறுப்பை வெளியே தேட வேண்டியதே இல்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த தோலுக்கு நம் ஈரோடும் ஒரு காலத்தில் பேர் போன ஊர். ‘ஈ.ஐ. தோல்’ (ஈஸ்ட் இந்தியா தோல்) என்று கப்பலேறிப் போன சரக்கு அது; புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. இப்போது ஆவாரைக்குப் பதில் பெரும்பாலும் வாட்டில் மரத்துப் பட்டைச் சாறுதான். எந்தப் பட்டையானால் என்ன, துவர்ப்பு இருக்கிறதா என்பதுதான் விஷயம். துவர்ப்பு இரும்பைத் தொட்டால் கறுக்கும். வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனை கறுத்துப்போவதும் இதனால்தான்.

அந்தியூரிலிருந்து மற்றவர்கள் பொரியும் பேரீச்சையும் வாங்கி வந்தபோது, நான் மூன்று கிலோ தேய்ந்த லாடம் வாங்கி வந்தேன். அன்று வேனில் சிரித்தவர்கள் யார் யார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அந்த லாடங்களை அடுப்பில் சுட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை கரைத்த தண்ணீரில் போட்டு மூடி வைத்தேன். கலம்காரித் துணிக்குக் கறுப்புக் கோடு எழுதுகிறவர்கள் இரும்பும் வெல்லமும் ஊறவைத்துத்தான் அந்த மையை எடுக்கிறார்கள். மூன்று வாரம் நுரைத்தது. கள்ளும் துருவும் கலந்த மாதிரி ஒரு வாடை. கீழ்க்கடைக்காரர் படியேறி வந்து, “ஏனுங்க, இங்க என்னத்தக் காச்சறீங்க?” என்று கேட்டது உண்மை. அவருக்கு மூடியைத் திறந்து காட்டிய பிறகு அவர் மறுபடி கேட்கவில்லை.

வடிகட்டிய தண்ணீர் பார்க்கக் கட்டங்காபி மாதிரிதான் இருக்கும். வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றை அதில் தோய்த்து எடுத்தேன். முதலில் ஒன்றுமில்லை. கையில் வைத்திருக்கும்போதே சாம்பலாகி, கத்தரிக்காய்த் தோல் நிறத்துக்கு வந்து, மூச்சு ரெண்டு விடுவதற்குள் கறுத்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளேயும் அரை மில்லிமீட்டர் வரை கறுப்பு. கீறல் விழுந்தாலும் பழுப்பு தெரியாத கறுப்பு! அன்று அறையில் என்னோடு இருந்தவர்கள் இரண்டு பேர்.

இது வேலை செய்யவில்லை என்று இருவர் குறை சொன்னார்கள். அவர்கள் கொண்டுவந்தது குரோம் தோல், பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில் பதனிட்டது. வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலே தெரியும், நடுவில் நீலச் சாம்பல் ஓடும். சந்தேகம் இருந்தால் ஒரு நறுக்கைக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு சுருங்கும், குரோம் அப்படியே கிடக்கும். இதை ஒரு கூட்டத்தில் டீச் சட்டியிலேயே செய்து காட்டினேன். குறை சொன்ன இருவரும் அன்று வரவில்லை. துவர்ப்புக் குறைந்த தோல் என்றால் முதலில் கடுக்காய்த் தண்ணீர் ஒரு பூச்சு கொடுத்தால் போதும்.

அப்புறம் தலைவர் வேட்டி. ஒரு கல்யாணத்தில் தலைவர் ஐயாவின் வேட்டியில், நான் சாயம் போட்டுக் கொடுத்த பை உரசிக் கறை பட்டது; அதற்கு வருத்தம் தெரிவிக்கிறேன், மூன்றாவது முறையாக. சாயம் போட்டால் சமையல் சோடாத் தண்ணீரில் ஒரு முறை, வெறும் தண்ணீரில் இரண்டு முறை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெடிக்கும். இரண்டு நாள் நிழலில் காய்ந்த பின் விளக்கெண்ணெய் லேசாகத் தடவி, பழந்துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை தேய்த்து, தேன்மெழுகு போட்டால்தான் வேலை முடிந்தது. அந்தப் பை கழுவி ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. “பரவால்லீங்க, குடுங்க” என்று வாங்கிப் போனார். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஓரம் மெருகேற்றவும் ஒரு மலிவு வழி கண்டிருக்கிறோம். ஜிகர்தண்டாவுக்குப் போடுகிற பாதாம் பிசினை ஊறவைத்துத் தடவி, மரக்கட்டையால் தேய்த்தால் விளிம்பு கண்ணாடியாகிறது.

சிலர் பையை வெட்டி மட்டும் எடுத்துப்போய் வெளியே மிஷினில் தைத்து வாங்குகிறார்கள் என்று கேள்வி. தைக்கட்டும். மிஷின் தையலில் ஒரு இடம் அறுந்தால் வரிசையாகப் பிரியும். ஒரே நூலில் இரண்டு ஊசி கோத்து இருபக்கமும் மாற்றி இழுத்த தையலில் ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். தைக்கிற நீளத்துக்கு நான்கு மடங்கு நூல் பிடிக்கும், விரல் வலிக்கும், சரி. ஆனால் ‘கையால் தைத்தது’ என்று முத்திரை குத்திப் படம் போட வேண்டாம்.

சந்தா. ஆண்டுக்கு 600 ரூபாய். 31 பேரில் 12 பேர் கட்டியிருக்கிறார்கள். பெயர் சொல்லப் போவதில்லை, ஆனால் ஒரு உறுப்பினரின் பதிலை மட்டும் பதிவு செய்கிறேன். ஜூலையில் கேட்டேன், “கரும்பு வெட்டு முடியட்டுங்க” என்றார். கரும்பு முடிந்தது, “மஞ்சள் வித்ததும் தந்தறனுங்க.” மஞ்சள் விற்றது, “இப்ப விலையே இல்லீங்க.” தோல் பங்கு பிரிக்கிற ஞாயிறு மட்டும் அவர்தான் முதல் ஆளாக வந்து, முதுகுப் பக்கத் தோலாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறார்.

வரவு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, செலவு கொஞ்சம் கூடுதல். வாடகை, தோல், மெழுகு நூல், டீ ஆகியவை முக்கியச் செலவுகள். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் டிரம்முக்கும் சர்க்கரைக்கும் ஆன 450 ரூபாய் சங்கச் செலவா என்று அவர் கேட்டார். அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. கணக்கில் நன்கொடை என்று எழுதினால் போதும்.

அறை கொடுத்த வீட்டுக்காரருக்கும், டீக்கடைக்கும், குத்தூசி பிடிக்கக் கற்றுத்தந்த செருப்புத் தைக்கும் பெரியவருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு இளையவர்கள் யாராவது வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். வர மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அலமாரிச் சாவி, பதிவேடு, டிரம் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. டிரம் வைக்க நிழலாக, அக்கம்பக்கம் வீடு இல்லாத இடம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். தோட்டத்துச் சாளை என்றாலும் சரி. பங்குனிக்குள் 19 பேரின் சந்தாவும் வந்தால் அடையாறு வேனுக்கு முன்பணம் கொடுத்துவிடலாம்.

ஓரம் சீவுகிற உளியைக் கார்த்திகையில் வாங்கிப் போனவர், கூட்டத்துக்கு வர முடியாவிட்டாலும் கீழ்க்கடையில் கொடுத்துவிட்டுப் போகலாம். நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்