வரிசை நம் வீட்டிலேயே நிற்கட்டும்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பா,

பொங்கலுக்கு வந்தால் ஒரு மாதம் இங்கிருந்தே ஜெர்மனிக் குழுவோடு வேலை பார்க்க முடியுமா, வீட்டு இணையம் தாங்குமா என்று கேட்டிருந்தாய். இன்னும் பெரிய பிளானாகப் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தரவைச் சிறு துண்டுகளாக்கி அனுப்பும் பொட்டலங்கள் (பாக்கெட்) எங்கே வரிசை கட்டி நிற்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் இணைப்பில் பதிவேற்றம் 10 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு 10 மெகாபிட். மோடத்தின் பஃபர், அதாவது பொட்டலங்கள் காத்திருக்கும் இடம், 1 எம்பி, அதாவது 8 மெகாபிட் என்று வைத்துக்கொள். பெரிய கோப்பு ஒன்று ஏறத் தொடங்கினால் பஃபர் நிரம்பி, கடைசியில் போய் நிற்கும் உன் குரல் பொட்டலம் 0.8 வினாடி காத்துக் கிடக்கும். பேச்சு தடைபடாமல் இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. ஃப்ராங்க்ஃபர்ட் நேர்கோட்டிலேயே சுமார் 7,500 கி.மீ.; கண்ணாடி இழையில் ஒளி மில்லிவினாடிக்கு 200 கி.மீ. போகும். அதிலேயே 38 மில்லிவினாடி போய்விட்டது. கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். மிச்சத்தையும் மோடத்தில் தொலைக்க முடியாது.

கோப்புகளை அனுப்பும் விதிமுறையான டிசிபி, பெரும்பாலும் பொட்டலம் தொலைந்தால்தான் வேகத்தைக் குறைக்கும். 1986 அக்டோபரில் பெர்க்லியில் 32 கேபிபிஎஸ் ஓடிய இணைப்பு நெரிசலில் 40 பிபிஎஸ்ஸுக்கு விழுந்ததை ஆராய்ந்துதான் வான் ஜேக்கப்சன் 1988-இல் அந்த வழியை எழுதினார். பஃபர் பெரிதாக இருந்தால் தொலைவதே தாமதமாகிறது. அனுப்புகிறவன் நிலைமை தெரியாமல் திணித்துக்கொண்டே இருப்பான். (பஃபரைப் பெரிதாக்கியவர்கள் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள்!)

அதனால் மோடம் தாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவாக ரவுட்டரே அனுப்பட்டும், வரிசை மோடத்தில் நிற்காமல் நம் ரவுட்டரிலேயே நிற்கும். ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற இலவச மென்பொருளை ஏற்றி, அதில் வரிசையைக் கவனிக்கும் எஸ்க்யூஎம் (SQM) பகுதியில் கேக் (CAKE) என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, வெளி இணையத்தோடு சேரும் (WAN) இடைமுகத்தில் பதிவேற்றத்தை 9000 என்று கொடு. அங்கே அலகு வினாடிக்குக் கிலோபிட். எம்பிபிஎஸ் என்று நினைத்து 9 போட்டால் வீடே முடங்கிவிடும். மாலை 7 முதல் 10 வரை மூன்று முறை வேகம் அளந்து, குறைந்த எண்ணில் 85-90 சதவீதம் வை. பிறகு கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே பிங் (பொட்டலம் போய்த் திரும்பும் நேரம்) பார். 10-20 மில்லிவினாடி ஏறினால் சரி. நூற்றுக்கணக்கில் ஏறினால் இன்னும் 5 சதவீதம் குறை. விலை குறைந்த ரவுட்டரின் சிபியூ பதிவிறக்கத்தையும் சேர்த்துச் சுமக்காது, அதை 0 என்றே விடு.

பங்கீடு நம் ஊர் மடைக் கணக்குதான். 9 எம்பிபிஎஸ்ஸில் அழைப்புக்கு 2, திரைப் பகிர்வுக்கு 3, கோப்பு 20 கேட்கிறது. கேட்ட விகிதத்தில் பிரித்தால் அழைப்புக்கு 0.72தான் வரும், கடைமடை காயும். கொஞ்சமாகக் கேட்பவருக்கு முதலில் கொடுத்தால் 2, 3, மீதி 4 கோப்புக்கு. கேக் செய்வது ஏறக்குறைய இதுவே.

4 ஜிபி தரவை இங்கிருந்து அனுப்பாதே, ஒரு மணி நேரம் தின்னும். அங்குள்ள சர்வரிலேயே, இணைப்பு போனாலும் வேலையைத் தொடர விடும் டிமக்ஸ் (tmux) என்ற நிரலில் ஓட்டு. ஜனவரியில் அங்கே காலை 9:30 என்றால் இங்கே மதியம் 2 மணி.

மின்வெட்டுக்கு மோடம், ரவுட்டர் இரண்டும் சேர்ந்து 15 வாட் என்று பார்த்தால், 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும்.

மாடி அறைக்கு வைஃபை சரியாக எட்டாது. ஈத்தர்நெட் கேபிள் இழுக்க ஆள் சொல்லியிருக்கிறேன். மேசை சன்னல் பக்கமா, உள்பக்கமா என்று மட்டும் எழுது.

அப்பா