11வது பாட்டை உங்கள் விமர்சகர் கேட்டாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், உள்ளூர் பவர் பாப் குழு (கிட்டாரும் டிரம்ஸும் வைத்து, சட்டென்று ஒட்டிக்கொள்ளும் மெட்டில் பாடும் ராக் இசை) ஒன்றின் முதல் ஆல்பத்துக்கு வந்த மதிப்புரையைப் படித்தேன். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கம் கிடைப்பதே அபூர்வம் என்பதால் ஆசையாகத்தான் பிரித்தேன். கடைசிப் பத்தியில் இருந்தது அந்த வரி: ‘சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டுகள்தான், ஆனால் காதலையும் காதல் தோல்வியையும் தவிர இவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.’ நான்கு நாளாக அந்தத் ‘தவிர’ என்ற சொல் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

குறுந்தொகையில் 400 பாட்டுக்கு மேல் இருக்கின்றன. அத்தனையும் அகம், பெரும்பாலும் எட்டு அடிக்குள் முடிந்துவிடும். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைப் படித்துவிட்டு ‘காதலைத் தவிர ஒன்றுமில்லை’ என்று உங்கள் பத்திரிகையில் யாராவது எழுதுவார்களா? கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்துவிட்டால் மட்டும் ஏன் எழுதத் தோன்றுகிறது?

பவர் பாப் என்ற சொல்லை 1967இல் ‘த ஹூ’ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் ஒரு பேட்டியில் சொன்னார். இந்த இசைக்கு இதே வசவு பலமுறை விழுந்திருக்கிறது. ‘பிக் ஸ்டார்’ என்ற அமெரிக்க பவர் பாப் குழுவின் முதல் ஆல்பம் 1972இல் வந்தது. அதை விமர்சகர்கள் கொண்டாடினார்கள்தான், ஆனால் விநியோகம் சொதப்பியதால் கடைகளில் இசைத்தட்டு கிடைக்கவில்லை. 2003இல் ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை எல்லாக் காலத்துக்கும் சிறந்த 500 ஆல்பங்களின் பட்டியல் போட்டபோது அந்தக் குழுவின் மூன்று ஆல்பங்களும் அதில் இருந்தன. ‘பேட்ஃபிங்கர்’ என்ற பிரிட்டிஷ் குழுவில் பீட் ஹாமும் டாம் எவன்ஸும் ஆளுக்கொரு பாதியாக வைத்திருந்த இரண்டு பாட்டுகளைச் சேர்த்து ‘வித்தவுட் யூ’ என்ற ஒரே பிரிவுப் பாட்டாக ஆக்கினார்கள். சரணம் ஹாமுடையது, பல்லவி எவன்ஸுடையது. 1972இல் ஹாரி நில்சன் பாடி அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, 1994இல் மரியா கேரி பாடி பிரிட்டனில் மறுபடியும் முதலிடம். காதல் தோல்வியைத் தவிர அதில் வேறென்ன இருந்தது?

நான் இதை வெளியிலிருந்து சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு குழுவில் 12 கம்பிக் கிட்டார் வாசித்தேன். ஆறு ஜோடிக் கம்பிகள். தடித்த நான்கு ஜோடிகளில் ஒரு கம்பி மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேலே நிற்கும், மெல்லிய இரண்டு ஜோடிகள் ஒரே சுருதியில் இருக்கும். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை கம்பி இறங்கிவிடும். பல்லவியின் ஒரே ஒரு வரிக்கு மூன்று குரல் சேரவேண்டும் என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறோம். நடுக்குரல் பாடியவன் ஒவ்வொரு முறையும் தன்னை அறியாமல் மேல்குரலோடு போய் ஒட்டிக்கொள்வான். கடைசியில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடினான், சரியாக வந்தது. கேட்பவருக்கு அந்த வரி ஐந்து வினாடி.

எங்களுக்கும் ஒரு மதிப்புரை வந்தது. எந்தப் பத்திரிகை என்று இப்போது சொல்லிப் பயனில்லை. ‘யாரும் எளிதில் பாடிவிடக்கூடிய பாடல்கள்’ என்று எழுதியிருந்தார்கள், குறையாகத்தான். எங்கள் பாடகன் அதைக் கத்தரித்துக் கிட்டார் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த மாதம் ஏழு நிமிடத்துக்கு ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தான். அவனுக்கே அது பிடிக்கவில்லை. ஆறு மாதத்தில் குழு கலைந்தது. அவன் இன்றுவரை பாடவில்லை. அந்த ஒரு வரிதான் காரணம் என்று சாதிக்க மாட்டேன், ஆனால் அந்தத் துண்டுத்தாளை அவன் எத்தனை முறை எடுத்துப் படித்தான் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

இந்தக் குழுவின் மூன்றாவது பாட்டைக் கேளுங்கள் ஐயா. பிரிந்துபோனவளின் எண்ணைக் கைபேசியிலிருந்து அழித்துவிடுகிறான், ஆனால் அவன் விரல் அந்த எண்களை மறக்கவில்லை. இதைக் கைதட்டலோடும் டாம்பரினோடும் துள்ளலான மேஜர் ஸ்வரங்களில் பாடுகிறார்கள். பல்லவிக்கு முன்னால் ஒரே ஒரு தாளத்துக்கு எல்லா வாத்தியமும் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் நெஞ்சு அடைக்கிறது. அழுமூஞ்சி மெட்டில் போட்டிருந்தால் இந்த வலி வந்திருக்காது. அதைத்தான் உங்கள் விமர்சகர் ‘இலேசானது’ என்கிறார்.

அப்புறம் இன்னொன்று. பாடல்களைப் பாடகர் எழுதியதாக மதிப்புரை சொல்கிறது. எல்லாவற்றையும் எழுதியவர் டிரம்ஸ் வாசிக்கும் பெண். உறையின் உள்பக்கத்தில் தெளிவாக அச்சாகியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் இதே குழுவின் நிகழ்ச்சிப் படத்தை வெளியிட்டு ‘குழுவினரும் தோழியும்’ என்று கீழே போட்டீர்கள். அந்தத் ‘தோழி’யின் கையில் டிரம்ஸ் குச்சி இருந்தது. அப்போதே கடிதம் எழுதினேன், நீங்கள் வெளியிடவில்லை. இசைக்கு இரண்டு பக்கம் இருந்தது ஒன்றானபோதும் எழுதினேன், அதற்கும் பதிலில்லை. வேலை மிகுதியாக இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆல்பத்தில் 10 பாடல்கள் என்றும் உங்கள் விமர்சகர் எழுதியிருக்கிறார். 11 இருக்கின்றன. பத்தாவது முடிந்து அரை நிமிடம் மௌனம், அதன்பின் அந்தப் பெண்ணே ஒற்றைக் கிட்டாரோடு பாடும் ஒரு சின்னப் பாட்டு வருகிறது. உறையில் அதற்குத் தலைப்புகூட இல்லை. பல்லவி கிடையாது, தாளம் கிடையாது. பாதியில் குரல் உடைகிறது, அதை மறுபடி பாடிச் சரிசெய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதியவர் அதுவரை கேட்டிருக்கவில்லை என்றுதான் நான் நினைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள்: பாடல்கள் 11, எழுதியவர் டிரம்ஸ் வாசிப்பவர். அவர் பெயரை உறையில் பார்த்து எழுத்துப்பிழையில்லாமல் போட்டுவிடுங்கள். மதிப்புரையை மாற்றச் சொல்லவில்லை. முடிந்தால் அந்த விமர்சகரிடம் கடைசிப் பாட்டை ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
பதினைந்து வருட வாசகன்