வசந்திக்கு, பெல்ஜியத்தின் கெங்க் நகரிலிருந்து

அன்புள்ள வசந்தி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட வேண்டும், அந்த வேலையை உன் தம்பியிடம் மட்டும் விடாதே. இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் லூவன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். சின்னவன் சைக்கிளும் சேறுமாகவே வீட்டுக்குள் வருகிறான். லீலா இன்னமும் அந்த எவர்சில்வர் டம்ளரை விடவில்லையா! ஹாஸ்டல் வார்டன் உயிரோடு இருந்தால் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.

சரி, எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். போன வாரம் எங்கள் ஊர் நகர மன்றத்தில் ஒரு கூட்டம். நான் வேலை பார்க்கும் தொழிற்பயிற்சிக்கூடத்தின் சார்பில் என்னையும் அனுப்பியிருந்தார்கள். உன் பேரூராட்சியில், மேலேயிருந்து வரும் திட்டத்துக்கு "மன்றம் ஏற்றுக்கொண்டது" என்று தீர்மானம் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது என்பாயே, அதே களைப்பை அன்றைக்கு இங்கே மேடையில் இருந்தவர்களிடம் பார்த்தேன். ஐரோப்பாவிலுமா என்று நீ கேட்பது காதில் விழுகிறது. ஐரோப்பாவிலும்தான் வசந்தி.

விஷயம் இது. 2025 ஜூலை 16 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2028 முதல் 2034 வரைக்குமான பட்ஜெட் யோசனையை வெளியிட்டது. இதுவரை பின்தங்கிய பகுதிகளை முன்னேற்ற ஒரு நிதி, விவசாயத்துக்கு ஒரு நிதி, வேலைப் பயிற்சிக்கு ஒரு நிதி என்று தனித்தனியாக வந்துகொண்டிருந்தது. அந்த யோசனைப்படி இனி நாட்டுக்கு ஒரே திட்டம், ஒரே பெட்டி. மொத்தம் சுமார் 86,500 கோடி யூரோ. 27 உறுப்பு நாடுகளின் தலைநகரங்களும் ஆளுக்கொரு திட்டம் எழுதி ஆணையத்திடம் பேசி முடித்துக்கொள்ளும். மாகாணங்களையும் நகரங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் பேனா யார் கையில் என்பதுதான் கேள்வி. உழவர் மானியமும் பழைய தொழில் நகரத்தின் பயிற்சிக்கூடமும் ஒரே பெட்டிக்குள் வந்தால், தலைநகரத்தில் யார் குரல் ஓங்குமோ அவர்களுக்குத்தான் பெட்டி திறக்கும். டிராக்டரோடு வந்து சாலையை மறிக்க உழவர்களால் முடியும். எங்களைப் போன்ற ஊர் எதைக் கொண்டுபோய் மறிப்பது?

2022இல் மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை மூடியபோது நீ போனில் கேட்டாய்: "உங்க ஊர்லயும் ஃபோர்டு மூடினானே, அந்த ஜனங்க என்ன ஆனாங்க?" அன்றைக்கு லைன் அறுந்துபோனது. அந்தக் கேள்விக்கான பதிலும் என் இப்போதைய கவலையும் ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கெங்க் நிலக்கரி ஊர். விண்டர்ஸ்லாக், வாட்டர்ஸ்கை, ஸ்வார்ட்பெர்க் என்று மூன்று சுரங்கங்கள். இத்தாலி, போலந்து, கிரேக்கம், துருக்கி, மொராக்கோ என்று எங்கிருந்தெல்லாமோ ஆள் வந்து இறங்கி வேலை செய்த ஊர். ஸ்வார்ட்பெர்க்கை 1966இல் மூடினார்கள். அந்தப் போராட்டத்தில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். மற்ற இரண்டும் 80களின் கடைசியில் மூடின. அதற்கெல்லாம் முன்பே, 1964இல், ஃபோர்டு வந்திருந்தது. ஒரு காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் ஆட்கள். அப்பா சுரங்கம், மகன் ஃபோர்டு என்று எங்கள் தெருவிலேயே எத்தனை வீடு! 2012 அக்டோபர் 24 அன்று மூடப்போவதாக அறிவித்தார்கள். 2014 டிசம்பரில் கடைசிக் கார் வெளியே வந்தது. ஃபோர்டில் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் பேர். பாகம் செய்து கொடுத்தவர்கள், சீட் தைத்தவர்கள், லாரி ஓட்டியவர்கள் எல்லாம் தனி.

இந்த இடத்தில்தான் நீ கவனிக்க வேண்டும். அறிவிப்பு வந்த சில மாதங்களுக்குள், 2013இல், கெங்க் இருக்கும் லிம்பர்க் மாவட்டத்துக்கென்றே ஒரு செயல்திட்டம் தயாரானது. 'சால்க்' என்று சுருக்கிச் சொல்வார்கள். பொருளாதாரப் பேராசிரியர் ஹெர்மன் டேம்ஸ் தலைமையில் நிபுணர் குழு. மாவட்ட நிர்வாகம், ஃபிளாண்டர்ஸ் மாகாண அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள் என்று எல்லாரும் ஒரே மேசையில். அந்த மேசையில் நடந்த சண்டைகளை இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் சண்டை போட்டது இந்த ஊரைத் தெரிந்தவர்கள். இங்கே எந்தக் கட்டடம் காலியாகக் கிடக்கிறது, எந்தப் பள்ளியில் பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள், எந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வேலை இல்லாமல் இருக்கிறார் என்று அவர்களுக்கு அட்டவணை பார்க்காமலே தெரியும்.

வாட்டர்ஸ்கை சுரங்கம் இருந்த இடம் இன்றைக்கு தோர் பார்க். அங்கே எனர்ஜிவில் என்ற ஆற்றல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. லூவன் பல்கலைக்கழகமும் ஹாசெல்ட் பல்கலைக்கழகமும் இன்னும் இரண்டு ஆராய்ச்சி நிறுவனங்களும் சேர்ந்து நடத்துகின்றன. ஐரோப்பியப் பிராந்திய வளர்ச்சி நிதியும் அதில் இறங்கியிருக்கிறது. பக்கத்திலேயே டி2 வளாகம். இயந்திரம், மின்சாரம், தானியங்கிக் கருவிகள் என்று கைத்தொழில் பயிற்சி. அதை நடத்துவதில் நகராட்சியும் ஒரு பங்காளி. நகராட்சி, வசந்தி! ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரசெல்ஸில் ஒருவர் விளக்கப்படம் போட்டுக்காட்டும் "திறன் மேம்பாடு" எங்கள் ஊரில் செங்கல்லாகவும் ஆசிரியராகவும் பஸ் நிறுத்தமாகவும் ஆனது, நகராட்சி உள்ளே இருந்ததால்தான். இதை நான் பயிற்சிக்கூடத்தில் தினமும் பார்க்கிறேன், யாரோ சொல்லிக் கேட்டதல்ல. தெருமுனையில் ஒரு துருக்கிக்காரர் இருக்கிறார். ஃபோர்டு லைனில் இருந்தவர், பிறகு மின்பழுது வேலை கற்றுக்கொண்டார். "என்ன தெரியும், என்ன பிடிக்கும் என்று முதல் தடவையாக என்னை உட்காரவைத்துக் கேட்டார்கள்" என்றார். ஐம்பதை நெருங்கும் மனிதரை அப்படிக் கேட்க பிரசெல்ஸிலிருந்து யார் வருவார்கள்?

எல்லாம் பொன்னாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஃபோர்டு கொடுத்த சம்பளம் எல்லாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. பழைய ஃபோர்டு மனையில் இன்று சரக்குக் கிடங்குகள் வருகின்றன. கிடங்கு வேலையும் கார் தொழிற்சாலை வேலையும் ஒன்றாகுமா? ஆனாலும் ஊர் காலியாகவில்லை. பிள்ளைகள் இங்கேயே படிக்கிறார்கள்.

இப்போது பெரிய படம். நீ பொறுமை இல்லாதவள், இருந்தாலும் இதைப் படி. 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் லிஸ்பனில் கூடி, பத்து வருடத்தில் உலகத்திலேயே போட்டித்திறன் மிக்க அறிவுப் பொருளாதாரமாக ஆகிவிடுவோம் என்றார்கள். ஆகவில்லை. 2010இல் 'ஐரோப்பா 2020' என்று இன்னொரு திட்டம். 20 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் 75 சதவீதம் பேருக்கு வேலை, மொத்த உற்பத்தியில் 3 சதவீதம் ஆராய்ச்சிக்கு, பள்ளிப் படிப்பை நிறுத்துவோர் 10 சதவீதத்துக்குக் கீழே, இரண்டு கோடிப் பேர் வறுமை ஆபத்திலிருந்து வெளியே. ஒவ்வொரு இலக்கும் நல்ல இலக்குதான், யார் மறுப்பார்கள்? ஆனால் அவற்றை நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். இத்தாலிக்கு வேலை இலக்கு 67இலிருந்து 69 சதவீதம். 2019இல் எமிலியா-ரோமான்யா பகுதி 70ஐத் தாண்டி நின்றது, சிசிலி பாதியைக்கூடத் தொடவில்லை. அந்த 67 யாருக்கு? எமிலியா-ரோமான்யாவின் பொலோன்யாவில் இருப்பவனுக்கு அது ஏற்கெனவே தாண்டிய வேலி, சிசிலியின் பலெர்மோவில் இருப்பவனுக்கு எட்டாத மலை. நம் கணக்கு டீச்சர் வகுப்பு சராசரியைப் பெருமையாகச் சொல்லும்போது, பின்பெஞ்சில் ஃபெயிலான நாம் இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்வோமே, அதுதான்.

எமிலியா-ரோமான்யா சும்மா மேலே வரவில்லை. 2015 ஜூலையில் அங்கே ஒரு வேலை உடன்படிக்கை. மாகாண அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், பல்கலைக்கழகங்கள், உள்ளாட்சிகள் எல்லாம் கையெழுத்துப் போட்டன. பிறகு 2020இல் பருவநிலையையும் சேர்த்துப் புதுப்பித்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்கலாம். அதில்தான் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதை ஐரோப்பா முழுக்கச் செய்யுங்கள் என்று கேட்டவர்களும் உண்டு. பிரசெல்ஸில் பிராந்தியங்களின் குழு என்று ஒன்று இருக்கிறது, 1994இல் தொடங்கியது. மேயர்களும் மாகாணத் தலைவர்களுமாக 329 உறுப்பினர்கள். தலைநகரமும் மாகாணமும் நகரமும் சேர்ந்து கையெழுத்திடும் பிராந்திய ஒப்பந்தங்கள் வேண்டும் என்று 2010லேயே சொன்னார்கள். 2014 மார்ச்சில் ஏதென்ஸில் கூடி, இலக்குகளைப் பகுதிவாரியாக வகுத்துக்கொள்ளுங்கள் என்று மறுபடியும் அறிக்கை விட்டார்கள். ஆனால் அந்தக் குழு ஆலோசனை சொல்லலாம், தடுக்க முடியாது. ஐரோப்பாவில் அரசு முதலீட்டில் பாதிக்கு மேல் மாகாணங்களும் உள்ளாட்சிகளும்தான் செய்கின்றன. பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய், பேருந்து, பயிற்சி எல்லாம் அவர்கள் தலையில். செலவு செய்கிறவனுக்குத் திட்டம் எழுதும் மேசையில் நாற்காலி இல்லை என்றால் எப்படி உருப்படும்?

கொரோனாவுக்குப் பிறகு 2021இல் வந்த மீட்பு நிதியிலேயே இந்தப் பாதை ஆரம்பித்துவிட்டது. அவசரம் என்றார்கள், தலைநகரங்கள் எழுதின, மாகாணங்களும் நகரங்களும் எங்களைக் கேட்கவில்லை என்று புலம்பின. அந்த அவசர ஏற்பாடே இப்போது வழக்கமான ஏற்பாடாகிறது. அதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. 1988இல், ஜாக் டெலோர் ஆணையத்தின் தலைவராக இருந்த காலத்தில், கூட்டாண்மை என்று ஒரு கொள்கையைக் கொண்டுவந்தார்கள். நிதியைத் திட்டமிடும்போதே மாகாணத்தையும் உள்ளூரையும் சேர்க்க வேண்டும் என்று. இத்தனை வருடம் கஷ்டப்பட்டுப் பழகியதை, நிர்வாகம் சுலபமாகும் என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவிடலாமா?

நீ மறுத்துப் பேசுவாய், தெரியும். "உள்ளூர்க்காரன் கையில கொடுத்தா ரவுண்டானாவும் வளைவும்தான் கட்டுவான்" என்பாய். அதில் உண்மை இருக்கிறது. இங்கேயும் யாருக்கும் பயன்படாத அரங்கங்களைக் கட்டிவைத்த ஊர்கள் உண்டு. 2014க்குப் பிறகு நிதி வேண்டுமானால் தன் பலம் எதில் என்று ஒவ்வொரு பகுதியும் எழுதித்தர வேண்டும் என்றார்கள். பல பகுதிகள் ஒரே பட்டியலைத்தான் எழுதின: உயிரித் தொழில்நுட்பம், டிஜிட்டல், பசுமை ஆற்றல். அதற்கெல்லாம் மேலேயிருந்து ஒரு கண் வேண்டும், கணக்குக் கேட்க வேண்டும், திட்டம் எழுதத் தெரியாத சின்ன ஊர்களுக்கு ஆள் கொடுத்து உதவவும் வேண்டும். கணக்குக் கேட்பது வேறு, கேட்காமலே முடிவு செய்வது வேறு. இந்த இடத்தில் நான் இறங்கிவர மாட்டேன், நீ எவ்வளவு கத்தினாலும் சரி.

அப்புறம், பெல்ஜியத்தில் இன்னொரு சிக்கல். இங்கே ஃபிளாண்டர்ஸ் அரசுக்கே அதிகாரம் நிறைய. ஆனால் கெங்குக்கு அதுவும் மேலிடம்தான். மாகாணத்துக்குக் கொடுத்தால் நகரத்துக்குத் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நிதி ஆணையப் பணம் உன் பேரூராட்சிக்கு வந்து சேரும் கதையை எனக்குச் சொன்னவளே நீதானே.

கூட்டத்தில் ஒரு கடிதம் தயாரிக்க முடிவாகியிருக்கிறது. பயிற்சி பற்றிய பகுதியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நகரங்களைக் கேட்காமல் எந்தத் திட்டமும் ஒப்புதல் பெறக் கூடாது, கேட்டதற்குச் சான்று இருக்க வேண்டும், நகரம் சொன்னதை ஏற்காவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும் என்று போடப் போகிறேன். இந்த மூன்றாவது வரி எடுபடுமா? உனக்கு அனுபவம் இருக்கிறது. உங்கள் ஊரில் மாவட்டத் திட்டக் குழு அரசியல் சாசனத்திலேயே இருக்கிறதே, அது கூடும்போது பேரூராட்சிக்காரர்கள் சொல்வது குறிப்பில் ஏறுகிறதா, மறுத்தால் காரணம் தருகிறார்களா? ஒளிக்காமல் எழுது. மாத முடிவுக்குள் எழுதினால் எனக்கு உதவும்.

லீலா மகள் கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. காஞ்சிபுரத்துக்கு என்னை விட்டுவிட்டுப் போனால் உன்னோடு பேச மாட்டேன்.

அன்புடன்,
கமலா