மதனை எழுப்ப நேரம் கொடுங்கள்

மாவட்டக் கலாசார விழாவை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்துக்கு இந்த முறை நீங்கள் ஒதுக்கியது பத்து நிமிடம். ஏன் என்று கேட்கவில்லை. அன்று எத்தனை பேர் பேசினார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ரதி வேடம் கட்டியவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. அன்றைய பேரை, அதாவது ஒருநாள் வேலையையும் அதன் சம்பளத்தையும் விட்டுவிட்டு, விடியுமுன்பே அரிதாரம் பூசிச் சேலை கட்டி வந்தவரைப் பிற்பகல் மூன்று மணிவரை மேடைக்குப் பின்னால் உட்கார வைத்தீர்கள். வேர்வையில் கண்மை கன்னம்வரை இறங்கிவிட்டது. சோற்றுப் பார்சல் கேட்டால் டோக்கன் எங்கே என்கிறார்கள். ஒருவழியாக மேடையேறி, சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து, மதன் எரிந்து, ரதி ஒப்பாரியின் முதல் அடியை எடுத்ததும் மைக்கை நிறுத்தி நன்றி சொல்லிவிட்டீர்கள். எரித்த மதனை எழுப்பாமல் விடுவது எங்களுக்கு ஆகாது ஐயா. அன்றிரவு நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் மீதியைப் பாடி, மதனை எழுப்பிய பிறகுதான் தப்பு மேளத்தைக் கீழே வைத்தார்கள்.

காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதிய, ஆள் கூப்பிட அடித்ததும் இந்தத் தப்பு மேளம்தான். பகலெல்லாம் துரைக்கும் கங்காணிக்கும் பயந்தவர்கள், மாசி மாதத்து இரவுகளில் மட்டும் அதே சத்தத்துக்குத் தாங்களாக எழுந்து வந்தார்கள். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். எங்கள் லயத்தில் அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். அப்போது நடந்த ஒரு கூத்தைப் பற்றி அப்பாயி சொல்லும்: "ரதி அழுதப்போ மொத்த லயமும் அழுதுச்சு. மதனுக்காக யாரு அழுதா?" அந்த ஒப்பாரியைத்தான் நீங்கள் பாதியில் நிறுத்தினீர்கள்.

அழைப்பிதழின் அட்டையில் மட்டும் எங்கள் ரதி முழுசாக இருக்கிறார். தேயிலைப் பெட்டியில் கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணைப் போல, படத்துக்கு நாங்கள் எப்போதும் தேவைப்படுகிறோம். 2023இல், நாங்கள் மலையகம் வந்து இருநூறு வருடம் ஆனதற்கு, மலையகம் 200 என்று ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசினார்கள். லயத்துக் கூரை இன்னும் ஒழுகுகிறது. சரி, அது வேறு கதை, வேறு அலுவலகம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். அடுத்த விழாவில் கூத்துக்கு ஓர் இரவு முழுவதையும் தாருங்கள். ஆடுகிறவர்களுக்கு அன்றைய பேருக்கான சம்பளத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முழு இரவு முடியாது என்றால், தயவுசெய்து எங்களைக் கூப்பிடாதீர்கள். மாசிப் பௌர்ணமிக்கு நீங்களே தோட்டத்துக்கு வாருங்கள், இடம் போட்டு வைக்கிறோம். வரும்போது கம்பளி எடுத்து வாருங்கள், விடியப்போகும் நேரத்தில் பனி கொட்டும்.

இப்படிக்கு,
தோட்டத்துக் கூத்துக்குழுவில் தப்படிப்பவரின் மகள்