தஃப்ராவுத் பாழூர் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மொராக்கோ பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மராகேஷ் சந்தையும் சஹாரா மணல்மேடுகளும் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் ஆன்ட்டி அட்லஸ் மலையிலுள்ள தஃப்ராவுத் ஊரைப் பற்றிய அந்த ஒரே பத்தி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "மக்கள் கைவிட்டுப் போன அரேபிய மலைக்கிராமங்கள்" என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அவற்றை யாரும் கைவிடவில்லை. அவை அரேபியக் கிராமங்களும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில் அங்கே ஐந்து நாள் தங்கியவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் மகள் வேலை நிமித்தம் காசாபிளாங்காவில் இருக்கிறாள். அவள் குடியிருப்புக்குக் கீழே ஒரு மளிகைக் கடை. கடையை அங்கே 'ஹானூத்' என்கிறார்கள். ஓர் ஆள் நின்று திரும்பும் அகலம்தான் இருக்கும். ரொட்டி, பால், புதினாக் கட்டு, சின்ன கேஸ் சிலிண்டர், ஒற்றை முட்டை என்று எதைக் கேட்டாலும் கை நீட்டி எடுத்துக் கொடுப்பான் அந்தப் பையன். காலையில் திறந்தால் ராத்திரி பதினொரு மணி வரை கடை உண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் பற்று நோட்டு தொங்கும். அதைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். என் அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மாம்பலத்தில் முப்பது வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதே மாதிரி நீள நோட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம், மாதம் பிறந்தால் கணக்கு. மகள் விசாரித்தபோது, தனக்கு தஃப்ராவுத்தை ஒட்டிய அம்மெல்ன் பள்ளத்தாக்கு என்றான் பையன். "பாதாம் பூக்கிற நேரம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்" என்று எங்களை அனுப்பிவைத்ததும் அவன்தான்.

அகாதிரிலிருந்து அயித் பாஹா வழியாகப் போனோம். சுமார் 150 கிலோமீட்டர்தான், மலை வளைவுகளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வழியெல்லாம் ஆர்கான் மரங்கள். ஒரு குன்றின் உச்சியில் கோட்டைபோல் நிற்கும் திஸுர்கான் கிராமம் கண்ணில் பட்டது. பிறகு மலை சட்டென்று திறந்து பள்ளத்தாக்கு வந்தது. தெற்கே இளஞ்சிவப்புக் கருங்கல் பாறைகள், யாரோ உருட்டி அடுக்கினாற்போல. வடக்கே 2,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஜெபல் எல் கெஸ்ட். அந்தி வெயிலில் அந்த மலை முழுதும் செம்பு நிறமாகிவிடுகிறது. அதன் அடிவாரம் நெடுக இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள்.

அந்த ஊர்கள் அமைந்திருக்கும் விதத்தைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். வீடுகள் எல்லாம் பாறைச் சரிவில், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. கீழே மண் உள்ள இடம் ஒரு கைப்பிடி அளவும் வீணாக்கப்படவில்லை. அது வாற்கோதுமைக்கும் பாதாமுக்கும் ஒலிவத்துக்கும் உரியது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை 'தர்கா' என்னும் வாய்க்கால்களில் திருப்பி வயலுக்கு விடுகிறார்கள். நாங்கள் போனபோது பல தர்காக்கள் காய்ந்து கிடந்தன. அடுத்தடுத்து மழை பொய்த்த வருடங்கள். சப்பாத்திக்கள்ளி வேலிகளையும் வெள்ளைப் பஞ்சாக அப்பும் கொச்சினீல் பூச்சி தின்று தீர்த்திருந்தது. இருந்தும் பாதாம் பூத்திருந்தது. இலையே இல்லாத கறுத்த கிளையில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூ.

பூட்டிய வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆமாம், நிறைய வீடுகள் பூட்டித்தான் இருந்தன. ஆனால் சுவருக்குப் புதுச் சாயம், சன்னலைச் சுற்றி வெள்ளைப் பட்டை, வாசலில் பெருக்கின தடம். பாழடைந்த வீட்டுக்கு யார் சாயம் அடிப்பார்கள்? இந்தப் பள்ளத்தாக்கின் ஆண்கள் மூன்று நான்கு தலைமுறையாக வெளியூரில் கடை நடத்துகிறவர்கள். தாஞ்சியர், காசாபிளாங்கா, ரபாத், அப்புறம் பிரான்ஸ். அண்ணன் சில மாதம் கடையைப் பார்ப்பார், தம்பி ஊரில் இருப்பார், பிறகு ஆள் மாறிக்கொள்வார்கள். அப்படித்தான் பல குடும்பங்களில் தொழில் நடந்திருக்கிறது. தியாகத் திருநாளுக்கும் ஆகஸ்ட் விடுமுறைக்கும் எல்லாரும் வந்து சேர்ந்தால் ஊரில் கார் நிறுத்த இடம் கிடைக்காதாம். எங்கள் ஊர் வீடும் கோயில் கொடைக்கு மட்டும்தான் திறக்கும். அதைப் பார்த்து யாராவது "கைவிட்டுப் போன வீடு" என்று எழுதினால் என் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்கள் இல்லாத மாதங்களில் ஊரைத் தாங்குகிறவர்கள் பெண்கள். நிறக்கரை போட்ட கறுப்புத் துணியை உடல் முழுக்கச் சுற்றிக்கொண்டு, முதுகில் தீவனக் கட்டோடு வரப்பில் நடந்து போகிறார்கள். ஒரு வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் (எனக்கு அப்படித்தான் கூப்பிட வருகிறது) ஆர்கான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தட்டைக் கல்லின் மேல் கொட்டையை விரல் நுனியால் செங்குத்தாகப் பிடித்து, இன்னொரு கல்லால் ஒரே தட்டு. நான் முயன்றேன், ஏழெட்டு அடிக்கும் அது அசையவில்லை. உள்ளே ஒன்றோ இரண்டோ மெல்லிய பருப்பு. அதை வறுத்து, கல் திரிகையில் அரைத்து, வெந்நீர் தெளித்துத் தெளித்துக் கையால் பிசைந்துகொண்டே இருந்தால் எண்ணெய் பிரிகிறது. பிண்ணாக்கு மாட்டுக்கு. அந்த எண்ணெயோடு வறுத்த பாதாம் விழுதும் தேனும் சேர்த்தால் 'அம்லு'. சூடான ரொட்டியை அதில் தொட்டு ஆச்சி என் கையில் கொடுத்தார். ஊரில் தின்ற எள்ளுருண்டைக்குப் பிறகு அப்படி நெஞ்சில் நின்ற ருசி வேறில்லை.

அவர் பேசியது எங்கள் ஓட்டுநருக்கே புரியவில்லை. ஓட்டுநர் ஃபெஸ் நகரத்துக்காரர், அரபி பேசுகிறவர். ஆச்சி பேசியதோ தஷல்ஹித், மொராக்கோவின் அமாஸிக் மொழிகளில் ஒன்று. பள்ளிக்கூடம் போகும் பேத்திதான் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். அட்லஸ் மலைகளில் வாழும் இந்த மக்கள் அரபு வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே இருந்தவர்கள். 'பெர்பர்' என்பது வெளியார் வைத்த பெயர். 'அநாகரிகர்' என்ற பொருளுள்ள பழைய கிரேக்கச் சொல்லின் வழியில் வந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் தங்களை அமாஸிக் என்கிறார்கள், பன்மையில் இமாஸிகன். 2003-இல் திஃபினாக் எழுத்தை அந்த மொழிக்கு அங்கே அதிகாரபூர்வமாக ஏற்றார்கள். 2011 அரசியல் சாசனத்தில் அமாஸிக் மொழியும் ஆட்சிமொழியானது. யென்னாயர் என்னும் அவர்களுடைய புத்தாண்டு 2024 முதல் அரசு விடுமுறை. இவ்வளவும் வர எத்தனை காலம் ஆயிற்று! தஃப்ராவுத் பள்ளிப் பலகையில் அரபுக்குப் பக்கத்தில் திஃபினாக்கைப் பார்த்தபோது, மொழிக்காகத் தெருவில் இறங்கிய ஊரிலிருந்து வந்தவளுக்குக் கண் கலங்கியது. நம் வாசகர்களுக்கு இதைச் சொல்லாமல் 'அரேபியக் கிராமம்' என்று எழுதிவிட்டுப் போவது எப்படிச் சரியாகும்?

கட்டுரையில் பக்கம் முழுக்க வந்திருக்கும் நீலப் பாறைகள் 1984-இல் பெல்ஜியக் கலைஞர் ழான் வெராம் சாயம் பூசியவை. எனக்கு அவை பிடிக்கவில்லை. பக்கத்தில் தஸ்கா என்ற இடத்தில் பாறையில் பழங்காலத்து மான் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறவர்கள் புதன்கிழமை ஊரில் இருக்கும்படி திட்டமிடுங்கள், அன்றுதான் வாரச் சந்தை. பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

காசாபிளாங்கா திரும்பியதும் கடைப் பையனிடம் கைபேசியில் படங்களைக் காட்டினேன். பூவையும் மலையையும் வேகமாகத் தள்ளிவிட்டு, ஊர்ச் சரிவின் படத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கி ஒரு வீட்டைத் தேடினான். மாடியில் துணி காய்கிறதா என்று பார்த்தான். காய்ந்தது. அம்மா வீட்டில்தான் இருக்கிறார் என்றான்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட வேண்டுகிறேன்: தஃப்ராவுத் பள்ளத்தாக்கின் ஊர்கள் அமாஸிக் மக்களுடையவை, அங்கே பூட்டியிருக்கும் வீடுகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், பண்டிகைக்கு வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை.